விதை அறைக்கு ஒரு சிறு கம்ப்யூட்டர்

நல்ல விளைவுக்கு நல்ல விதை வேண்டுமென்பதைக் குடியானவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், நன்றாய் முற்றிக் காய்ந்து, தூற்றிப் புடைத்துப் பத்திரப்படுத்திய விதையே அடுத்த பருவத்தில் நாற்றங்காலில் பாதியளவுகூட முளையாமற் போவதுண்டு. அச்சமயம் மழையையோ, விதை கொடுத்தவரையோ நொந்துகொள்வது உலக வழக்கம். விதை மூட்டைகள் ஆறேழு மாதம் எந்த அறையில் இருந்தன, அவ்வறை எவ்வளவு உஷ்ணமாயிருந்தது என்பதை விசாரிப்பவர் சிலரே. இவ்விசாரணைக்கு உதவக்கூடியதும், சொற்பச் செலவில் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளக் கூடியதுமான ஒரு சிறு கருவியைப் பற்றி இங்கே விவரிக்கப்படுகிறது.

உஷ்ணமும் விதையின் ஆயுளும்

ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானி வகுத்த இரண்டு விதிகள் எல்லா நாடுகளிலும் கைக்கொள்ளப்பட்டு வருகின்றன. விதையிலுள்ள ஈரம் 1 சதவிகிதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது முதல் விதி. அறையின் உஷ்ணம் 5 டிகிரி சென்டிகிரேடு குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது இரண்டாவது. ஈரம் 5 முதல் 14 சதவிகிதம் வரையிலும், உஷ்ணம் 0 முதல் 50 டிகிரி வரையிலும் உள்ள நிலைமைகளுக்கு இவை ஏறக்குறையப் பொருந்தும்.

இவற்றுள் ஈரத்தைப் பற்றி விவசாயிகள் கவலை கொள்ளாமலில்லை. சான்று பெற்ற விதையில் நெல்லுக்கு 13 சதவிகிதமும், நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் 9 சதவிகிதமும் ஈரத்தின் உச்ச அளவாக விதிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உஷ்ணத்தைப் பொறுத்தமட்டில் அசட்டை மிகுதி. தகரக் கூரையின் கீழுள்ள கொட்டடி 40 டிகிரியும், ஓட்டு வீட்டின் உள்ளறை 30 டிகிரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 டிகிரி. மேற்கண்ட விதிப்படி, உள்ளறையில் வைத்த விதை கொட்டடியில் வைத்ததைக் காட்டிலும் நான்கு மடங்கு காலம் உயிரோடிருக்கும். ஒரே களத்து விதை ஒருவர் வீட்டில் முளைப்பதும் மற்றொருவர் வீட்டில் பொய்ப்பதும் இதனாலேயே நேரலாம்.

எந்த அறை குளிர்ச்சியானது என்பதைக் கையால் தொட்டுச் சொல்லிவிட முடியாது. சாதாரண உஷ்ணமானி பார்த்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். பகல் இரண்டு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் விழித்திருந்து குறித்துக்கொள்ள எவருக்கும் அவகாசமில்லை. சலிப்பின்றி இவ்வேலையைச் செய்வதற்கே இச்சிறு கம்ப்யூட்டர் ஏற்றது.

கருவியின் வரலாறு

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், கம்ப்யூட்டர் சாஸ்திரம் படிக்க வரும் மாணவர்கள் தாமே கருவிகளை இயக்கிப் பழகிய அனுபவமின்றி வருகிறார்களே என்ற கவலை எபென் அப்டன் முதலானோருக்கு ஏற்பட்டது. சிறுவர்கள் அச்சமின்றிக் கையாளத்தக்க மலிவான கம்ப்யூட்டரை உண்டாக்கும் நோக்கத்துடன் ராஸ்பெரி பை என்ற தர்ம ஸ்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முதற் கருவி 2012 பிப்ரவரி 29-ந் தேதி 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையே. அதில் திரையும் விசைப்பலகையும் இணைத்தால் பூரணமான கம்ப்யூட்டராக வேலை செய்யும்.

பின்னர் 2021 ஜனவரியில், பிகோ என்ற இன்னுஞ் சிறிய பலகை 4 டாலர் விலையில் வெளியாயிற்று. அது 51 மில்லிமீட்டர் நீளமும் 21 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இதற்குத் திரை கிடையாது. இதனிடம் ஒரு வேலையை ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், மின்சாரம் உள்ளமட்டும் அதையே செய்துகொண்டிருக்கும். விதை அறைக்குப் பெரிய பலகையைவிடப் பிகோவே உகந்தது. பெரிய பலகையை முறைப்படி நிறுத்தாமல் திடீரென மின்சாரம் நின்றுவிட்டால், அதன் நினைவு அட்டை கெட்டுப்போக இடமுண்டு. பிகோவோ, மின்சாரம் நின்று மீண்டும் வந்ததும் தானே வேலையைத் தொடங்கிவிடும். மின்தடை சகஜமான கிராமங்களில் இது பெரிய சௌகரியம்.

வாங்க வேண்டிய சாமான்கள்

1. பிகோ பலகை ஒன்று. ஊசிகள் முன்னமே பற்றவைக்கப்பட்ட 'பிகோ எச்' என்னும் வகையை வாங்கினால், ஈயப்பற்று வைக்கும் வேலை மிச்சமாகும்.

2. டி.எஸ்.18பி20 என்ற உஷ்ணமறியும் கருவிகள் மூன்று. எஃகுக் குழாயில் அடைக்கப்பட்டு நீண்ட ஒயருடன் வரும் வகையே மூட்டைக்குள் செருக ஏற்றது. இது சாதாரண உஷ்ணநிலைகளில் அரை டிகிரிக்குள் பிழையின்றிக் காட்டவல்லது.

3. 4.7 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்று.

4. பற்றவைக்காமலே ஒயர்களைச் செருகுவதற்கான பிரெட்போர்டு ஒன்று. ஜம்பர் ஒயர்கள் சில.

5. மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று. சில கேபிள்கள் போனுக்கு மின்சாரம் ஏற்ற மட்டுமே உதவும். செய்தி அவற்றின் வழியே செல்லாது. முதல் முயற்சியிலேயே பலர் மனஞ் சோர்ந்து போவது இதனாற்றான். செய்தியும் செல்லும் கேபிளைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

6. 5 வோல்ட் தரும் போன் சார்ஜர் ஒன்று. பவர் பேங்க் எனப்படும் சேமிப்புப் பெட்டியை நம்புதல் நன்றன்று. பிகோ இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பமாதலால், உபயோகமில்லை என்று கருதிப் பல பெட்டிகள் தாமே நின்றுவிடுகின்றன.

இவையன்றி, வேலையை எழுதிக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் தேவை. இது ஆரம்பத்தில் சில மணி நேரத்திற்கும், பிறகு கணக்கை எடுத்துப் பார்க்கும்போதும் மட்டுமே வேண்டியதாதலால், பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ உள்ளதைக் கேட்டு உபயோகித்துக்கொள்ளலாம்.

ஆரம்பிக்கும் முறை

பிகோவுக்கு விளங்கும் பாஷைகளுள் எளியது மைக்ரோபைத்தான். அதற்குரிய கோப்பையும், அதை எழுத உதவும் தானி என்ற செயலியையும் இன்டர்நெட்டிலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கோப்பு, வாங்கிய பலகையின் வகைக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பலகையின் மேலுள்ள பூட்செல் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகிப் பின் பொத்தானை விட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் புதிதாக ஒரு சேமிப்பு வட்டு தோன்றும். இறக்கிய கோப்பை அதனுள் நகலெடுத்துப் போட்டதும் அவ்வட்டு மறைந்துவிடும். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பிகோ புதிய பாஷையை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதன் பின்னர் தானியைத் திறந்து, வலப்புறக் கீழ்மூலையில் பிகோவைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முதற் பரீட்சையாக, பலகையிலுள்ள சிறு விளக்கை அணைத்து ஏற்றப் பழகுவது நலம். விளக்கை ஏற்று, ஒரு விநாடி பொறு, அணை, ஒரு விநாடி பொறு, மறுபடியும் முதலிலிருந்து செய் என்னும் ஐந்து கட்டளைகளே இதற்குப் போதும். விநாடியை அரை விநாடியாக மாற்றிப் பார்த்தால், தாம் எழுதுவதற்கும் கருவி செய்வதற்கும் உள்ள சம்பந்தம் நன்கு மனத்திற் பதியும். விளக்கு எரியாமல் உஷ்ணமறியும் கருவியை இணைக்கப் புகுவது, கமலை இறைக்கப் பழகாத மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வது போலாகும்.

உஷ்ணமறியும் கருவியை இணைத்தல்

ஒயர்களை இணைக்குமுன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பலகையில் மொத்தம் 40 ஊசிகள் உண்டு. பெரும்பாலும் இக்கருவியில் சிவப்பு ஒயர் மின்சாரத்துக்கும், கறுப்பு பூமிக்கும், மஞ்சள் செய்திக்கும் உரியவை. விற்பவர் தரும் குறிப்புடன் ஒத்துப் பார்த்துக்கொள்ளவும். சிவப்பை 36-வது ஊசியிலும், கறுப்பை 38-வதிலும், மஞ்சளை 29-வதிலும் சேர்க்க வேண்டும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ரெஸிஸ்டரைப் பாலம்போல் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கருவி வாய் திறவாது. 40-வது ஊசியில் 5 வோல்ட் வருவதால், அதைச் செய்தி ஊசிகளில் தவறிச் சேர்க்கலாகாது. இப்பலகையின் செய்தி ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா.

ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்றே ஓர் எண் செய்யும்போதே இடப்பட்டிருப்பதால், மூன்றையும் அதே மூன்று ஊசிகளில் ஒன்றாகச் சேர்க்கலாம். ரெஸிஸ்டர் ஒன்றே போதும். எந்த எண் எந்தக் கருவியுடையது என்பதை அறிய, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்து, எந்தக் கணக்கு ஏறுகிறது என்று பார்த்து ஒயரில் சீட்டுக் கட்டிவிட வேண்டும்.

பிகோவுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை இதுவே: கால் மணிக்கொரு முறை மூன்று கருவிகளையும் கேட்டு, உஷ்ணத்தைக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வை. நாளொன்றுக்கு 96 வரிகள் சேரும். பல மாதக் கணக்கைப் பலகை தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். இவ்வேலையை 'மெயின்' என்ற பெயரால் பலகையில் சேமித்துவிட்டால், சார்ஜரில் செருகியவுடன் தானே தொடங்கும். ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் பிகோ நேரத்தை மறந்துவிடும். ஆகையால் மின்தடை ஏற்பட்ட நாளையும் வேளையையும் சுவரிலுள்ள காலண்டரில் குறித்து வருதல் வேண்டும். அல்லது பாட்டரியுடன் கூடிய சிறு கடிகாரப் பலகையொன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

விதை அறையில் வைத்தல்

முதற் கருவியை இப்போது விதை வைத்திருக்கும் இடத்திலும், இரண்டாவதை மாற்றிடமாக நினைக்கும் அறையிலும், மூன்றாவதை ஒரு மூட்டையின் நடுவிலும் வைக்க வேண்டும். ஒயர் எட்டாதபடி இடங்கள் தூரமாயிருப்பின் மற்றொரு பிகோ வேண்டியிருக்கும். சுவரையும் கூரையையும் தொடாமல், மூட்டையின் உயரத்தில் கருவி தொங்க வேண்டும். மூன்று இடங்களையும் ஒரே நாட்களில் அளப்பது முக்கியம். ஒரு வாரம் இங்கும் மறு வாரம் அங்குமாக வைத்தால், வானிலை மாறுவதால் கணக்கு ஏமாற்றிவிடும்.

பத்து நாள் கழித்துக் கணக்கை எடுத்துப் பார்க்கையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எந்த அறை இரவும் பகலும் சேர்ந்து குளிர்ச்சியானது என்பது. பகலில் சுடும் அறை இரவிலும் ஆறாமலிருந்தால் அது விதைக்கு ஆகாது. மற்றொன்று, மூட்டையின் நடு, அறையைக் காட்டிலும் நாளுக்கு நாள் உஷ்ணம் ஏறிவருகிறதா என்பது. அவ்விதம் ஏறினால், உள்ளே ஈரமோ, பூச்சியோ, பூஞ்சணமோ இருப்பதற்கு அறிகுறி. உடனே மூட்டையை அவிழ்த்துச் சோதித்து, தேவையானால் மறுபடியும் காயவைத்து வைக்க வேண்டும்.

எச்சரிக்கை

சிறு கம்ப்யூட்டர் பழகியவுடன், பம்பு செட்டையும் அதனுடன் சேர்த்து இயக்கலாமே என்ற ஆசை எழுவது இயற்கை. மலிவான ரிலே பலகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மும்முனை மோட்டாருக்கு வருவது 400 வோல்ட்டுக்கு மேற்பட்டது. ஈரக் கையோடு கிணற்றடியில் செய்யும் ஒரு தவறு உயிரையே போக்கிவிடும். அவ்வேலை லைசென்சு பெற்ற மின்பணியாளரிடமே விடத்தக்கது. பிள்ளைகள் இதில் பழகுவதும் 5 வோல்ட் சார்ஜருக்குட்பட்ட வேலைகளோடு நிற்கட்டும்.

மண்ணின் ஈரமறியும் கருவிகளில், இரண்டு உலோகக் கால்களைக் கொண்டவை மண்ணிலேயே அரித்துப்போய் விரைவில் பொய்க் கணக்குக் காட்டும். உலோகம் வெளியே தெரியாத வகை மேலானது. அதையும் அவரவர் வயலின் காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் வைத்துப் பார்த்து, அளவைத் தாமே நிர்ணயித்துக்கொண்டாலன்றிப் பிரயோஜனமில்லை.

செலவும் பலனும்

மேற்சொன்ன சாமான்களைச் சொற்பச் செலவில் வாங்கிவிடலாம். தனியொருவர் வாங்க விரும்பாவிடில், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, பத்து நாளுக்கு ஒரு வீடாக வைத்துப் பார்க்கலாம். அறையின் குணம் தெரிந்தபின் கருவி அங்கேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. கிராம அதிகாரிகள் பள்ளி ஆசிரியரோடு கலந்து, மூத்த மாணவர்களைக் கொண்டு ஊரிலுள்ள விதை அறைகளை ஒவ்வொன்றாய் அளந்து ஒரு ஜாபிதா தயாரித்தால், அது ஊருக்கே உபயோகமாகும்.

இக்கருவி விதையைக் காப்பாற்றாது. காப்பாற்ற வேண்டிய இடத்தைக் காட்டும். எனவே, விதைப்புக்கு முன் நூறு விதைகளை ஈரத்துணியில் கட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு 80-ம், உளுந்தில் 75-ம், நிலக்கடலையில் 70-ம் முளைத்தாக வேண்டும். வீட்டு விதை இவ்வளவுக்குக் குறைந்தால், கம்ப்யூட்டர் குறித்து வைத்த கணக்கைப் புரட்டிப் பார்க்கவும். எந்த மாதத்தில், எந்தக் கூரையின் கீழ் விதை வெந்தது என்பது அதில் எழுதியிருக்கும். அடுத்த அறுவடைக்கு முன்னரே மூட்டைகளுக்குத் தக்க இடத்தை மாற்றி ஏற்படுத்திக்கொள்வது விவசாயிகளின் கையிலேயே இருக்கிறது.