திரும்பி வரும் அழுகை: ஒரு பரோக் ஏரியாவைப் பாடுவது பற்றி

பரோக் ஓபராவைக் கேட்கத் தொடங்கும் எவருக்கும் வரும் முதல் புகார் 'பாடினதையே ஏன் மறுபடி பாடறாங்க?' என்பதுதான். புகாரில் நியாயம் இருக்கிறது. ஏரியாவில் ஒரு முதல் பகுதி; அதிலிருந்து வேறுபட்ட மனநிலையில் சிறிய இரண்டாம் பகுதி; அதன் முடிவில் 'டா காப்போ', அதாவது 'தலையிலிருந்து', என்று இத்தாலிய மொழியில் ஒரு குறிப்பு. முதல் பகுதி திரும்ப வருகிறது. கதை நின்று போகிறது. இந்தத் திரும்புதலில்தான் பாடுபவளின் இடம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒரே ஒரு சொப்ரானோ ஏரியாவை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஹேண்டலின் 'ஜூலியோ சேசரே' 1724 பிப்ரவரியில் லண்டனில் அரங்கேறியது. கிளியோபாத்ராவாகப் பாடியவர் பிரான்செஸ்கா குட்ஸோனி. மூன்றாம் அங்கத்தில் கிளியோபாத்ரா சகோதரன் தாலமியிடம் தோற்றுச் சிறைப்பட்டிருக்கிறாள். சீசர் செத்துவிட்டான் என்று நம்புகிறாள். அப்போது அவள் பாடுவது 'பியாஞ்செரோ'. 'அழுவேன்' என்று பொருள். எதிர்கால வினை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிருள்ளவரை அழுவேன் என்பது முதல் பகுதி. மெதுவான கதி, ஈ மேஜர். செத்தபிறகு ஆவியாக வந்து அந்தக் கொடுங்கோலனை விடமாட்டேன் என்பது இரண்டாம் பகுதி. விரைந்த கதி, சி ஷார்ப் மைனர். பிறகு மறுபடி அழுகை.

பெண்ணின் கோபத்தை நடுவில் வைத்து இருபுறமும் கண்ணீரால் வேலி போடும் வடிவம் என்று இதை வாசிக்க முடியும். அப்படிப் பார்த்தால் டா காப்போவும் ஒரு சிறைதான். ஆனால் தாளில் இருக்கும் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு வரும் வாசிப்பு இது. தாளில் மூன்றாம் பகுதி எழுதப்படவே இல்லை. இரண்டு சொற்களில் ஒரு கட்டளை, அவ்வளவுதான். மிச்சத்தை ஓர் உடல், ஒரு மூச்சு எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? காயடிக்கப்பட்ட பாடகரும் ஆசிரியருமான தோஸி 1723இல் போலோன்யாவில் வெளியிட்ட நூலில் வழி சொல்கிறார். முதல் பகுதியில் எளிய, குறைந்த அலங்காரம். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். திரும்பி வரும்போது, முன்பு பாடியதைவிட மேலானதாக மாற்றிப் பாட வேண்டும். அது முடியாதவர் பெரிய பாடகர் ஆகமாட்டார்.

'பியாஞ்செரோ'வில் இது என்னவாகும்? முதல் முறை கையிருப்பைச் செலவழித்துவிடக் கூடாது. நீண்ட சுரத்தை மெல்லத் தொடங்கி, விரித்து, மறுபடி ஒடுக்க வேண்டும். வார்த்தையின் பொருள் முடிகிற இடத்தில்தான் மூச்சு எடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியின் வேகமான சுர ஓட்டங்களில் சுரங்களுக்கு நடுவே 'ஹ ஹ' என்று காற்று கசியாமல், ஒவ்வொன்றும் தனித்துக் கேட்க வேண்டும். தொண்டை தளர்ந்திருக்க, வேலையை வயிறு பார்க்கும். மெய்யெழுத்துகள் கூர்மையாக விழுந்தாலே கோபம் வந்துவிடும், கத்தத் தேவையில்லை.

திரும்பும்போது? பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து இறங்குவது, தாண்டும் இடைவெளியைச் சிறு சுரங்களால் நிரப்புவது, முடிவில் ஒரு திரில். கடைசியில் தனியாகப் பாடும் கடென்சா ஒரே மூச்சுக்குள் முடிய வேண்டும் என்கிறார் குவான்ட்ஸ், 1752இல். மேல் சுரத்தில் போய் நின்று கைதட்டு வாங்கலாம்தான். ஆனால் பேயாக வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவளின் அழுகை அது. முதல் அழுகையில் இல்லாத எதுவோ அதில் கேட்க வேண்டும். அது தோல்வியா, மிரட்டலா என்பதைத் தீர்மானிப்பவள் பாடுபவள்.

இந்த உரிமை சண்டையில்லாமல் வந்ததல்ல. ஹேண்டலின் முதல் வாழ்க்கை வரலாறு (1760) ஒரு கதை சொல்கிறது. 1723இல் அரங்கேறிய 'ஒத்தோனே'யில் தன் ஏரியாவைப் பாட குட்ஸோனி மறுத்தாராம். ஜன்னலுக்கு வெளியே வீசிவிடுவேன் என்று ஹேண்டல் அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கினாராம். பாடகியின் திமிரைச் சொல்லும் வேடிக்கையாகவே இது இன்றும் சொல்லப்படுகிறது. யாருடைய குரல் அந்தப் பாட்டைச் சுமக்கப் போகிறது என்ற கேள்வி சிரிப்பில் கரைந்துவிடுகிறது.

பிற்காலத்தில் இசையமைப்பாளரே ஒரே ஆசிரியன் ஆனார். 1922இல் கோட்டிங்கனில் ஆஸ்கர் ஹாகன் 'ஜூலியோ சேசரே'யை மேடையேற்றியபோது சீசரின் பாகம் பாரிடோனுக்குப் போனது. டா காப்போக்கள் வெட்டப்பட்டன. வெட்டுப்பட்டவை ஹேண்டலின் சுரங்களா? அவற்றைத்தான் ஒருமுறை கேட்டாயிற்றே! போனது பாடுபவரின் பங்கு.

இன்று டா காப்போ திரும்பிவிட்டது. ஆனால் அலங்காரத்தை நடத்துநரோ பயிற்சியாளரோ முன்கூட்டி எழுதித் தருவதும் நடக்கிறது. பாடுபவரின் சுதந்திரத்தைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. வீண் ஜாலங்களைப் பற்றித் தோஸியே அன்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் பதிவு செய்யப்பட்ட ஒரு 'பியாஞ்செரோ'வைக் கேட்கும்போது, இரண்டாம் பகுதி முடிந்து வரும் அந்தச் சின்ன இடைவெளியில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வருவது யார் எழுதிய அழுகை?