சீகிரியாவில் இருட்டும்போது எந்தக் கமரா?

சிறிய டிஜிட்டல் கமராவை விற்பவர்கள் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. அடுத்தது எத்தனை மடங்கு சூம் என்பது. இருட்டில் படமெடுக்க இவை இரண்டும் உதவுவதில்லை. கமராவுக்குள் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு. அதைத் தீர்மானிப்பவை சென்சரின் பரப்பளவும் லென்ஸின் திறப்பும்.

மலிவான சிறிய கமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சர் இருக்கும். அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தை விடவும் சிறியது. '1 அங்குலம்' எனப்படும் சென்சர் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்தான். பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன அளவு பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனாலும் அது முந்தையதைப் போல நான்கு மடங்கு பரப்புள்ளது. ஏபிஎஸ்-சி சென்சர் அதைவிட மூன்று மடங்கு பெரியது.

லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 3.6 லென்ஸைவிட எஃப் 1.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். கெனன் ஜி7எக்ஸ் மார்க் 3இல் 1 அங்குல சென்சரும் எஃப் 1.8இல் தொடங்கும் லென்ஸும் உண்டு. கெனன் இக்சஸ் 285இல் 1/2.3 அங்குல சென்சரும் எஃப் 3.6இல் தொடங்கும் லென்ஸும். சூம் செய்யாத நிலையில் இரண்டுக்கும் இடையே ஒளியில் 16 மடங்கு வித்தியாசம். முதலாவது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் சேர்க்கும் ஒளியைச் சேர்க்க, இரண்டாவதற்கு அரை விநாடி வேண்டும். அதற்குள் கை அசைந்துவிடும். இரண்டிலும் 20 மெகாபிக்சல்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சீகிரியா போன்ற இடத்தில் இது வெறும் கணக்கல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும்; விடியலும் அப்படியே விரைந்து முடியும். வடக்கே பிதுரங்கல குன்றில் விடியுமுன் ஏறி நிற்பவர்களுக்குச் சீகிரியாப் பாறை தெற்கில் தெரியும், வெயில் இடப்பக்கமிருந்து விழும். பாறையில் நிறம் ஏறும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கமரா தயாராக இருக்க வேண்டும்.

பெரிய சென்சர் என்றாலே இரவுக்கு நல்லது என்று எண்ணுவதும் பிழை. ரிக்கோ ஜிஆர் 3இல் ஏபிஎஸ்-சி சென்சர் உண்டு; லென்ஸோ எஃப் 2.8. கணக்குப் பார்த்தால் அது மேற்சொன்ன ஜி7எக்ஸைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியையே கூடுதலாகச் சேர்க்கிறது. அதில் சூமும் இல்லை. எஃப் 2 லென்ஸ் கொண்ட புஜிபிலிம் எக்ஸ்100-6 இரண்டரை மடங்கு சேர்க்கும், ஆனால் எடை 521 கிராம். சீகிரியாவின் சுமார் 1,200 படி ஏறுபவருக்கு, 257 கிராம் ரிக்கோவும் 304 கிராம் கெனனும் சட்டைப்பையில் அடங்குவது பெரிய வசதி.

சோனி ஆர்எக்ஸ்100-7 வேறு வகை. அதன் லென்ஸ் 24 முதல் 200 மில்லிமீற்றர் வரை நீளும். பிதுரங்கலவிலிருந்து சீகிரியா உச்சியில் நிற்பவர்களை எடுக்கலாம். ஆனால் தொடக்கத் திறப்பே எஃப் 2.8. பகலில் கிடைக்கும் நீளத்துக்கு இரவில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருப்பது பெரிய ஆறுதல். நிழலே இல்லாத குன்றின் உச்சியில் நண்பகல் வெயிலில் திரையில் எதுவும் தெரியாது. ஜி7எக்ஸிலும் ரிக்கோவிலும் திரை மட்டுமே.

படம் நடுங்காமல் காக்கும் வசதி பாறைக்கும் கோயில் கோபுரத்துக்கும் உதவும், மனிதருக்கு உதவாது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவில் ஆடிவரும் காவடியை விளக்கொளியில் எடுக்க, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் பதிய வேண்டும். அங்கே அகன்ற திறப்பே கைகொடுக்கும். விண்மீன்களுக்கு நேர்மாறு. 24 மில்லிமீற்றர் கோணத்தில் சுமார் 20 விநாடி வரை திறந்து வைக்கலாம், அதற்கு மேல் விண்மீன்கள் கோடாக இழுபடும். உள்ளங்கை அளவு முக்காலியும், பொத்தானை அழுத்தியபின் இரண்டு விநாடித் தாமதமும் போதும்.

சிறிய கமராவின் பற்றரி மெலிந்தது. ரிக்கோ ஜிஆர் 3இல் ஒரு முறை ஏற்றினால் சுமார் 200 படங்கள்தான். உதிரி பற்றரி ஒன்று கட்டாயம்.

நல்ல கையடக்கத் தொலைபேசி வைத்திருப்பவர் 1/2.3 அங்குலக் கமரா வாங்குவது வீண்செலவு. தொலைபேசி பல படங்களை ஒன்றாக்கி இரவை ஓரளவு சமாளித்துவிடும். வாங்குவதானால் 1 அங்குல சென்சரிலிருந்தே தொடங்குவது நல்லது. அன்றாடத்துக்கும் இரவுக்கும் ஒன்றே போதும் என்பவருக்கு ஜி7எக்ஸ் வகையே பொருத்தம்.

எந்தக் கமராவானாலும் சீகிரியாவின் ஓவியக் குகைக்குள் அது பையில்தான் இருக்க வேண்டும். அங்கே படமெடுக்கத் தடை உண்டு. அந்த ஓவியங்களை டி. ஏ. எல். பெரேரா 1896-97இல் கையால் பிரதியெடுத்தார். அந்தப் பிரதிகள் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன.