ஆழ்கடலில் ஓர் அன்னை

கோவில்பட்டிக் கடைவீதியிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்றொரு சரக்கு கிடைக்கும். வெண்மை நிறம், சிறு படகின் வடிவம், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். கிளி வளர்ப்போர் கூண்டில் கட்டித் தொங்கவிடுவதற்கும் இதை வாங்கிச் செல்வதுண்டு. அலையின் நுரை காய்ந்து இறுகியதே இப்பொருள் என்று எண்ணுவோர் நம் கரிசல் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். பெயர் அப்படி! உண்மையில் இது ஓட்டுக்கணவாய் என்னும் கடற்பிராணியின் முதுகுத் தசைக்குள் மறைந்திருக்கும் ஓடு.

இவ்வோட்டைக் குறுக்கே முறித்துப் பார்த்தால் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்து, இடையிடையே நுண்ணிய அறைகள் இருப்பது தெரியும். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் எரிக் டென்டன், ஜான் கில்பின்-பிரவுன் என்ற இரு விஞ்ஞானிகள் 1960ஆம் ஆண்டையொட்டி இதன் இரகசியத்தைக் கண்டறிந்தனர். அறைகளிலுள்ள நீரை வெளியேற்றினால் கணவாய் மிதக்கும். நீரை உள்ளே விட்டால் தாழும். ஆனால் இவ்வசதிக்கு ஓர் எல்லை உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்த அளவு கூடிக்கொண்டே போகும். சில நூறு மீட்டர் ஆழத்தில் இந்த ஓடு நொறுங்கிவிடும். ஆகவே அதற்குக் கீழே வாழும் உறவினங்கள் இத்தகைய ஓட்டைச் சுமப்பதில்லை. எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாய் அவற்றுள் ஒன்று.

இக்குடும்பத்தைப் பற்றி நம் நாட்டு விஞ்ஞானிகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். பாக் நீரிணையின் கணவாயைக் குறித்து கே. வி. ராவ் 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ. ஜி. சைலஸ் 1985ஆம் ஆண்டு இந்தியக் கடல்களின் கணவாய் வளம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டார். அந்நிலையத்தின் கிளையொன்று நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடியில் இருக்கிறது.

ஆழ்கடற் கணவாய்களின் கதை வேறு. பிரிட்டிஷார் காலத்தில் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் அளவைக் கப்பல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வலை இறக்கி அள்ளியவை கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அந்த அருங்காட்சியகத்தின் கணவாய்களைப் பற்றி அயர்லாந்தைச் சேர்ந்த ஆன் மாஸி அம்மையார் 1916இல் விரிவாக எழுதினார். பாராட்டத்தக்க உழைப்பு. எனினும் சாராயக் குப்பியில் நிறமிழந்து தொய்ந்து கிடக்கும் உடலிலிருந்து அப்பிராணியின் வாழ்க்கையை எவரால் படித்தறிய இயலும்?

இயந்திரக் கண்கள் ஆழத்தில் இறங்கிய பிறகே அவ்வாழ்க்கை தெரியலாயிற்று. ‘வாம்பைர் கணவாய்’ என்று பயங்கரப் பெயர் சூட்டப்பட்ட பிராணி, மேற்கடலிலிருந்து துகள்துகளாக விழும் மக்கலையும் கழிவையும் பொறுக்கி உண்டு வாழும் சாது என்பது 2012இல் வெளியாயிற்று. பகைவர் நெருங்கினால் அது கறுப்பு மையைப் பீய்ச்சுவதில்லை. ஒளிரும் குழம்பைக் கக்குகிறது. கும்மிருட்டில் கறுப்பு மையால் என்ன பயன்? தீப்பெட்டித் தொழிலால் பெயர்பெற்ற நம் ஊரார் இதைக் கேட்டு மகிழ்வார்கள்.

ஆனால் நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. கலிபோர்னியக் கரைக்கு அப்பால், மான்டரே பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பேய்க்கணவாய்த் தாய் பாறையில் முட்டையிட்டு அவற்றைத் தன் உடலால் மூடியிருப்பதை புரூஸ் ராபிசன் என்பவரின் குழுவினர் 2007ஆம் ஆண்டு மே மாதம் கண்டனர். அவள் உடலிலிருந்த தழும்புகளே அடையாளம். மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். மொத்தம் பதினெட்டு முறை. ஒவ்வொரு முறையும் அவள் அதே இடத்தில் இருந்தாள். நண்டும் இறாலும் அருகில் ஊர்ந்து சென்றபோதும் அவள் உண்ண முற்படவில்லை. நிறம் வெளுத்தது, கண் மங்கியது, உடல் சுருங்கியது. முட்டைகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன. 2011 செப்டம்பரிலும் அவள் இருந்தாள். அக்டோபரில் சென்றபோது வெற்று முட்டைக் கூடுகள் மட்டுமே பாறையில் எஞ்சியிருந்தன. ஐம்பத்து மூன்று மாதங்கள்! உலகில் வேறெந்தப் பிராணியும் இவ்வளவு காலம் அடைகாத்ததாகப் பதிவில்லை. நம் வீட்டுக் கோழிக்கு இருபத்தொரு நாள் போதும்.

இந்நீண்ட காலத்துக்குக் காரணம் குளிர். அங்கே நீரின் வெப்பம் 3 பாகையே. முட்டைக்குள் குஞ்சு மெல்ல மெல்லத்தான் வளரும். இதை மெய்ப்பிப்பது போல, அதே கலிபோர்னியக் கடலில் 3,200 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் கசியும் பாறைகளைத் தேடி ஆயிரக்கணக்கான தாய்மார் கூடி அடைகாப்பதை 2018இல் கண்டனர். வெப்பத்தின் உதவியால் அங்கே இரண்டாண்டுக்குள் குஞ்சு பொரிந்துவிடுகிறது.

இன்னும் கீழே, நான்காயிரம் மீட்டருக்கு அப்பால், கடலடி என்பது பெரும்பாலும் சமவெளி. மழை பெய்த கரிசல்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, கால் வைத்தால் புதையும், கல் என்பது அரிது. சேற்றில் முட்டையை ஒட்ட இயலாது. அங்கே ஆங்காங்கே கிடக்கும் கெட்டிப் பொருள், உருளைக்கிழங்கு அளவிலான கறுப்பு உலோக உருண்டைகளே. அவற்றின் மேல் கடற்பஞ்சு தண்டு விட்டு வளர்கிறது. பஞ்சு மடிந்தபின் அத்தண்டில் முட்டையிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும் வெண்ணிறப் பேய்க்கணவாய்களை ஜெர்மனியின் ஆட்டன் பர்சர் குழுவினர் பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள கடலில் கண்டு, 2016இல் அறிவித்தனர். உருண்டை இல்லையேல் தண்டு இல்லை. தண்டு இல்லையேல் முட்டைக்கு இடமில்லை.

இச்செய்தி நம் நாட்டையும் தொடுகிறது. அவ்வுருண்டைகளில் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் உள்ளன. மின்கலங்களுக்கு வேண்டிய உலோகங்கள். ‘கவேஷணி’ என்னும் நமது ஆராய்ச்சிக் கப்பல் 1981 ஜனவரியில் இந்துமாக் கடலடியிலிருந்து அவற்றை முதன்முதலாக எடுத்தது. 2002ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் மத்திய இந்துமாக் கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆய்வுக்காக இந்தியாவிடம் உள்ளது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘வராகா’ என்னும் இயந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது. திறமையான சாதனை, இதில் பெருமை கொள்ளாதவர் யார்? ஆயினும் அள்ளுவதற்கு முன், அங்கே எத்தகைய உயிர்கள் குடியிருக்கின்றன என்று எண்ணிக் கணக்கெடுப்பதே முதல் வேலை என்பது நம் கருத்து. அதே இந்துமாக் கடலின் ஜாவா அகழியில் ஏறக்குறைய 7,000 மீட்டர் ஆழத்தில் பேய்க்கணவாய் வாழ்வதை ஆலன் ஜேமிசன் என்ற விஞ்ஞானியின் கருவிகள் படம்பிடித்துள்ளன.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1989ஆம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் பெருவுக்கு அப்பால் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு பெருங்கலப்பையைக் கப்பலில் கட்டி இழுத்துக் கடலடியை உழுதார்கள். உருண்டைகள் சேற்றில் புதைந்தன. நம் கரிசலில் ஐப்பசி மழை ஒன்று கொட்டினால் உழவுசால் கரைந்து போகும். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே இடத்துக்குச் சென்று பார்த்தார்கள். சால்கள் அப்படியே இருந்தன. தண்டு விட்ட பஞ்சுகள் திரும்பவில்லை.