நிழலோடு காற்றும் வேண்டும்

கைக்குழந்தைகள் உள்ளேயே விளையாட, மடக்கி எடுத்துச் செல்லும் வலைத் தடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெயில் மறைப்பு தைக்கும்போது நிழலை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. குழந்தைத் தள்ளுவண்டிகளை வைத்துச் சிட்னிப் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் வண்டியை மூடியபோது உள்ளே வெப்பம் சுமார் 4 டிகிரி செல்சியஸ் கூடியது. ஈரத்துணியோடு சிறு மின்விசிறியும் சேர்ந்தபோது சுமார் 5 டிகிரி குறைந்தது. வெயிலைத் தடுத்த துணியே காற்றையும் தடுத்தால் குழந்தை வெந்துபோகும். பச்சிளம் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. ஆகவே மறைப்பு மேலே மட்டும், வலையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளிர் நிறத்தில் நிற்கட்டும். நாற்புற வலையும் திறந்தே இருக்கட்டும்.

சாய்வெயில் பக்கவாட்டில் விழுமே என்பீர்கள். உண்மைதான். அதற்கு வெயில் படும் ஒரு பக்கத்தில் மட்டும் திரை போதும். பொழுது நகர நகர அதை மாற்றிக்கொள்ளலாம். கழற்றும் மறைப்பு காற்றில் பறந்துவிடும், நிரந்தரமாகத் தைத்துவிடலாமே என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் தைத்ததைத் துவைக்க முடியாது, வீட்டுக்குள் வைத்தால் வீணாக வெளிச்சத்தை மறைக்கும். சட்டத்தின் வெளிப்புறத்தில், பிஞ்சுக் கைக்கு எட்டாத கொக்கிகளால் மாட்டினால் பறக்காது. தொங்கும் கயிறு மட்டும் கூடவே கூடாது; அது கழுத்தில் சுற்றும்.