உலாவியில் ஒட்டிக்கொள்ளும் நீட்சிகள்



சென்ற மாதம் ராபர்ட்சன்பேட்டையில் அக்கா வீட்டுக் கணிப்பொறியைத் திறந்தேன். எதைத் தேடினாலும் விளம்பரப் பக்கமே வந்து நின்றது. தமிழில் தட்டச்சு செய்ய எப்போதோ சேர்த்த ஒரு ‘எக்ஸ்டென்ஷன்’தான் காரணம். நீக்கியதும் சரியாயிற்று.

நீட்சி என்பது உலாவியில் நாமே சேர்க்கும் சிறு நிரல். சேர்க்கும்போது, எல்லா இணையதளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் பல நீட்சிகள் அனுமதி கேட்கும். சம்மதித்துவிட்டால், வங்கிப் பக்கத்தில் நாம் தட்டும் கடவுச்சொல்லையும் அவை படிக்க முடியும்.

2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட தீய குரோம் நீட்சிகளைக் கூகுள் நீக்கியது. நம் அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரித்தது.

நல்ல நீட்சியும் கைமாறலாம். இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீநிரல் உள்ளதென்று கூகுள் அதை முடக்கியது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால், கைமாறியது நமக்குத் தெரிவதில்லை.

நம்பிய துணைநிரல் நின்றும் போகலாம். ‘ஃபிளாஷ்’ 2020 டிசம்பர் 31உடன் ஆதரவிழந்தது. அதை நம்பிச் செய்த பாடங்களும் விளையாட்டுகளும் உலாவியில் திறக்காமல் போயின.

ஆகவே, குரோமில் வலது மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பகுதியில் வேண்டாதவற்றை நீக்குங்கள். தமிழ் விசைப்பலகை விண்டோசிலேயே உண்டு. அதற்கென நீட்சி தேவையில்லை.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே மாமா உழைத்துச் சேர்த்த பணத்தின் கணக்கை அக்கா இந்தக் கணிப்பொறியில்தான் பார்க்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.