நீரில் நின்ற காரும் அவசரச் சாவியும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் கண்ணாடி மட்டம் வரை தண்ணீரில் நின்றன. அந்தப் பாடத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. தண்ணீர் வருமுன் என்ன செய்வது என்பதை மக்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் தீரவில்லை. சுரங்கப்பாதையில் பாதி வழியில் நின்றுபோன காரையோ, வாசலில் இரவு முழுக்க நனைந்த காரையோ தண்ணீர் வடிந்தவுடன் பெரும்பாலோர் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். வெள்ளத்தைத் தாங்கி நின்ற பல எஞ்சின்கள் அந்த ஒரு தடவையில்தான் உயிரை விடுகின்றன.

காரணம் எளிய கணக்கு. நான்கு சிலிண்டர் கொண்ட 1,200 சிசி பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு 300 சிசி. அழுத்த விகிதம் 10:1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 மில்லிதான். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டிக்குச் சற்று அதிகம். 16:1 விகிதம் கொண்ட 1,500 சிசி டீசல் எஞ்சினில் அந்த இடம் 25 மில்லியாகச் சுருங்கிவிடும். சிலிண்டருக்குள் இருப்பது காற்றாக இருக்கும்வரை பிஸ்டன் அதை அமுக்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த 33 மில்லிக்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும். கீழே கிராங்க் ஷாஃப்ட் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்குகள் ஹைட்ரோ லாக் என்று சொல்வது இதைத்தான். ராடு வளைந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். பிளாக்கும் உடைந்திருந்தால் பழைய காரின் விலையில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும்.

தண்ணீர் சைலன்சர் வழியாகத்தான் புகும் என்று நம்பி, பலர் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே வேகமாகக் கடக்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகை வெளியேறும் அழுத்தம், ஓரடித் தண்ணீரைச் சைலன்சருக்குள் வரவிடாமல் தள்ளிவிடும். ஆபத்து முன்பக்கம் இருக்கிறது. பல கார்களில் காற்றை இழுக்கும் குழாயின் வாய் கிரில்லுக்கோ ஹெட்லைட்டுக்கோ பின்னால் இருக்கும். 1,200 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது முழுமூச்சில் இழுத்தால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர் வரை காற்றை விழுங்கும். வேகமாகப் போகும் காரின் முன்னால் எழும்பும் அலை அந்த வாயை எட்டிவிட்டால், காற்றோடு தண்ணீரும் அதே வேகத்தில் உள்ளே போகும். முதல் கியரில், அலை எழும்பாமல், எங்கும் நிறுத்தாமல் மெதுவாகக் கடப்பதே சரி. சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காமல் திரும்புவது அதைவிடச் சரி.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ராடை வளைக்கும் பலம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு; கேள்வியில் நியாயமும் உண்டு. பல நேரம் மோட்டார் முட்டி நின்றுவிடும், அதோடு தப்பிக்கலாம். ஆனால் தண்ணீர் நான்கு சிலிண்டரிலும் சமமாகப் புகுவதில்லை. ஒன்றில் தண்ணீர் நிற்க, மற்றொன்று எரிந்துவிட்டால், அந்த வெடிப்பின் முழு விசையும் தண்ணீர் நிற்கும் ராடின்மேல் விழும். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம், ஒரு டன் எடையுள்ள வண்டியே ராடை நெருக்கும். ஸ்டார்ட் செய்தேன், நன்றாகத்தானே ஓடுகிறது என்பதும் முழு ஆறுதல் அல்ல. லேசாக வளைந்த ராடு சில வாரங்கள் ஓடி, தட்டும் சத்தம் கொடுத்து, பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த கதைகள் பட்டறைகளில் சகஜம்.

அப்படியானால் தொடாமலே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. சிலிண்டருக்குள் நின்ற நீர் சில நாட்களிலேயே துருப்பிடிக்க வைக்கும். செய்ய வேண்டிய வேலை சிறியது, வரிசைதான் முக்கியம். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். ஈரமான கனெக்டர்களில் மின்சாரம் ஓடினால் செம்பு பச்சை பூத்து அரிக்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பட்டனைத் தொடவே வேண்டாம். அடுத்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால், நீர் உள்ளே போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் சுற்றினால், நின்ற நீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். டீசலில் குளோ பிளக்கோ இன்ஜெக்டரோ கழற்ற வேண்டும். இதற்குப் பெரிய சர்வீஸ் சென்டர் தேவையில்லை, தெருமுனைப் பட்டறையே போதும். பிறகு எண்ணெயும் ஃபில்டரும் புதிது. கியர்பாக்ஸ் எண்ணெயையும் மறக்கக்கூடாது: சூடாக இருந்த பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

மின்சாரக் காருக்கு ஹைட்ரோ லாக் கிடையாது. ஆனாலும் அது பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. ஐபி67 தரச் சான்று பெற்ற பேட்டரிப் பெட்டி சோதனைச்சாலையில் ஒரு மீட்டர் நல்ல நீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. 2022இல் இயான் புயல் தாக்கிய ஃபுளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. அத்தகைய வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தவே கூடாது.

பணக் கணக்கும் ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதன் பக்கம்தான் நிற்கிறது. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால், அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லிப் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை வாங்கியிருந்தால்தான் பேச இடம் உண்டு. அதனால் நின்ற இடத்திலேயே தண்ணீர் மட்டம் தெரியப் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருநாள் பானட்டைத் திறந்து, உங்கள் காரின் காற்றுக்குழாய் வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வையுங்கள்.