கம்பம் எங்கே இருக்கு? மேப்புக்குச் சொல்லித்தர நாலு பேர் போதும்!

இலவச மென்பொருள், ஒரு லேப்டாப், ஒரு ஞாயிற்றுக்கிழமை... தங்கள் ஊரைத் தாங்களே வரையக் கற்றுக்கொள்வது எப்படி?

2023 மே 27-ம் தேதியைக் கம்பம் மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மலையிறங்கி வந்து நகரத் தெருக்களில் ஓடியது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. ஜூன் 5-ம் தேதி யானை பிடிபடும் வரை பள்ளத்தாக்கு முழுக்க ஒரே கேள்விதான்: "இப்ப எங்க இருக்கு?"

அதற்கான பதில் யானையின் கழுத்திலேயே இருந்தது. அதற்குக் கட்டியிருந்த ரேடியோ காலர், இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எண்களாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால், அந்த எண்களைச் சொன்னால் ஊரில் யாருக்குப் புரியும்? "ராயப்பன்பட்டி தாண்டி, சண்முகா நதி அணைப் பக்கம்" என்றால்தான் புரியும். எண்களையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து வைப்பதுதான் மேப்.

அந்த மேப்பில் நம் ஊரின் கண்மாய், வண்டிப்பாதை, தோப்புக்குப் போகும் மண் ரோடு எல்லாம் இருக்கிறதா? போனை எடுத்துப் பாருங்கள். மெயின் ரோடும் பேருந்து நிலையமும் இருக்கும். ஆனால், நீங்கள் தினமும் நடக்கும் வாய்க்கால் கரை இருக்குமா என்பது சந்தேகம்தான். இருக்கும் பெயரிலும் எழுத்துப்பிழை இருக்கலாம்.

அதைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. ஊர்க்காரர்களே செய்யலாம். செலவும் பெரிதாக இல்லை.

ஊர் கூடி இழுக்கும் தேர்

இதற்கு இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிபீடியாவில் யாரும் கட்டுரை எழுதலாம் என்பதுபோல, இதில் யாரும் தெருவை, கிணற்றை, கோயிலை, பஸ் ஸ்டாப்பைச் சேர்க்கலாம். தமிழ்ப் பெயர் எழுதுவதற்குத் தனி இடமே உண்டு. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கியூ.ஜி.ஐ.எஸ். 2002-ல் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் தொடங்கிய மென்பொருள். மேப்பை ஆராய்வது, அளப்பது, அச்சடிப்பது எல்லாம் இதில் முடியும். டிரேசிங் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோலத்தான் இது வேலை செய்யும். ஒரு தாளில் ஆறு, இன்னொன்றில் ரோடு, மூன்றாவதில் வீடுகள். எல்லாவற்றையும் அடுக்கினால், எந்த வீடுகள் ஆற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன என்று கணக்கே போட்டுத் தந்துவிடும்.

இரண்டுக்குமே கட்டணம் கிடையாது. பழைய லேப்டாப்பில்கூட கியூ.ஜி.ஐ.எஸ். ஓரளவு ஓடும்.

தனியாகக் கற்றால் எங்கே சிக்கும்?

"யூடியூப்ல பார்த்தே கத்துக்கலாமே?" என்று தோன்றும். கற்கலாம்தான். ஆனால், பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு சின்னத் தவற்றில் மாட்டி, மூடி வைத்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு, கம்பம் ஏறக்குறைய 9.74 டிகிரி வடக்கு, 77.28 டிகிரி கிழக்கில் இருக்கிறது. இந்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி கியூ.ஜி.ஐ.எஸ்ஸில் ஏற்றும்போது 'எக்ஸ்' எது, 'ஒய்' எது என்று அது கேட்கும். அட்சரேகையைத்தானே முதலில் சொல்கிறோம் என்று அதை 'எக்ஸ்' ஆக்கிவிட்டால் அவ்வளவுதான். கம்பம் நகரம் வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் மிதக்கும்!

அடுத்தது பெயர்க் குழப்பம். தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். கம்பம் என்ற பெயரில் ஆந்திராவிலும் ஓர் ஊர் உண்டு. பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், பன்னீர் திராட்சைத் தோட்டம் வேறு மாநிலத்தில் போய் நிற்கும்.

மூன்றாவதுதான் பலரை விரட்டிவிடும். 'வாய்க்காலின் இருபுறமும் 500 மீட்டர் வரை குறித்துக்காட்டு' என்று நினைத்து 500 என்று கொடுப்பார்கள். திரை முழுக்க ஒரே வண்ணம் பூசிக்கொள்ளும். காரணம், மேப் டிகிரி அளவில் இருக்கிறது. மென்பொருள் 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. நம் பகுதியில் ஒரு டிகிரி என்பதே சுமார் 110 கிலோமீட்டர்!

மீட்டர் கணக்கு வர, மேப்பை யூ.டி.எம். என்ற முறைக்கு மாற்ற வேண்டும். அதில் உலகம் 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேனியும் கம்பமும் 43-வது மண்டலத்தில் வருகின்றன. ஆனால், மதுரை நகரம் 44-வது மண்டலம். மண்டல எல்லையான 78 டிகிரி கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. மதுரைக்காரர் செய்துகாட்டிய பாடத்தைத் தேனிக்காரர் அப்படியே பின்பற்றினால் அளவில் பிசகு வரும்.

இது பக்கத்தில் தெரிந்தவர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் இரண்டு வாரத் தலைவலி. அதனால்தான் உலகம் முழுக்க மேப் மென்பொருள் கற்பவர்கள் கூடி உட்கார்ந்து கற்கிறார்கள்.

ஒரு தீவிலிருந்து விழுப்புரம் வரை

2006 மே மாதம் இங்கிலாந்தின் வைட் தீவில் சுமார் 40 பேர் கூடினார்கள். கையில் ஜி.பி.எஸ். கருவி. ஒரு வார இறுதிக்குள் தீவின் சாலைகளை நடந்தும் சைக்கிளிலும் சுற்றிப் பதிவு செய்தார்கள். 'மேப்பிங் பார்ட்டி' என்ற பழக்கம் அங்கிருந்துதான் பரவியது.

2015 சென்னை வெள்ளத்தின்போது இதன் பலன் நமக்கே தெரிந்தது. அருண் கணேஷ் என்ற மேப் கலைஞர், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாக வைத்து வெள்ள வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். தண்ணீர் தேங்கிய தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். சில நாள்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்கள் குறித்தார்கள். தெரு ஏற்கெனவே மேப்பில் வரையப்பட்டிருந்ததால்தான் தொட்டுக் குறிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு உட்கார்ந்து தெருவை வரைய யாருக்கு நேரம் இருக்கும்?

கட்டற்ற மென்பொருளைக் கூடிக் கற்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கூட்டம் நடத்துகிறது. விழுப்புரத்தில் இயங்கும் 'விக்ளக்' குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. பெருநகரம் இருந்தால்தான் இது நடக்கும் என்பதில்லை. விழுப்புரத்தில் முடிந்தது தேனியிலும் முடியும்.

மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அந்தப் பக்கம் கேரளாவில், பத்தாம் வகுப்பு தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே கியூ.ஜி.ஐ.எஸ். இடம்பிடித்தது. பள்ளி லேப்டாப்பில் பிள்ளைகள் மேப்பை அடுக்கிப் பழகினார்கள்.

2018 பெருவெள்ளத்தில் அந்த மாநிலத்துக்காக உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் வீடுகளையும் சாலைகளையும் செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்தார்கள். அடுத்த ஆண்டே, 2019-ல், 'மேப்பத்தான் கேரளம்' என்ற பெயரில் அரசே மக்களை மேப் வரைய அழைத்தது.

இதே பெரியாறுதான் நமக்கும் தண்ணீர் தருகிறது. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீர் போகும் ஒவ்வொரு கிளை வாய்க்காலும் விவசாயிகளின் மனதில் இருக்கிறது. மேப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தேனியில் ஒரு ஞாயிறு: இப்படித் தொடங்கலாம்

பத்துப் பேர் சேர்ந்தால் போதும். பள்ளிக் கணினி அறை, நூலகம், கல்லூரி வகுப்பறை என எங்கேயும் கூடலாம். போடியில் அரசு பொறியியல் கல்லூரியும் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்கள் கணினியைச் சொல்லித்தரலாம். ஊரை அவர்களுக்குச் சொல்லித்தர ஒரு விவசாயி, ஒரு ஆட்டோ ஓட்டுநர், ஒரு ஆசா பணியாளர் இருந்தால் கூட்டம் களைகட்டிவிடும்.

*காலை:* லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் 'ஸ்ட்ரீட் கம்ப்ளீட்' ஆப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்து வாருங்கள். 'இந்த ரோடு தார் ரோடா, மண் ரோடா?', 'இந்தக் கட்டடம் எத்தனை மாடி?' என்று அதுவே கேட்கும். பதில் சொன்னால் மேப்பில் ஏறிவிடும்.

*முற்பகல்:* கம்ப்யூட்டரில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒரு கண்மாயின் கரையை வரையலாம். அதற்கு ஊரில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதலாம். பெரியவர்களின் உதவி தேவைப்படும் இடம் இதுதான்.

*மதியம்:* கியூ.ஜி.ஐ.எஸ்ஸைத் திறந்து, 'குவிக் ஓ.எஸ்.எம்.' என்ற இணைப்பு வழியாகக் காலையில் வரைந்ததையே இறக்கிக்கொள்ளலாம். தான் வரைந்த கோடு திரையில் வருவதைப் பார்க்கும்போதுதான் பலருக்கு ஆர்வம் பற்றிக்கொள்ளும். 2000-ல் விண்வெளி ஓடம் எடுத்த உயர அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதையும் அடுக்கினால் மழைத்தண்ணீர் எந்தச் சரிவில் இறங்கி எங்கே சேரும் என்று தெரியும். மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு என்று பள்ளத்தாக்கின் உருவம் திரையில் எழும்.

*மாலை:* டீயும் வடையும். அடுத்த கூட்டம் எங்கே, யார் எந்தத் தெரு என்று பிரித்துக்கொள்வது.

சிக்னல் கிடைக்காத மலையோரப் பகுதிகளுக்கு 'கியூ ஃபீல்டு' ஆப் இருக்கிறது. வீட்டில் தயாரித்த மேப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு போய், நெட் இல்லாமலே குறிப்பு எடுத்து வரலாம்.

எதை வரையக் கூடாது?

சந்திப்பின் முதல் நாளே பேசிவிட வேண்டியது இது.

கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அது உரிமப் பிரச்னை. நேரில் பார்த்ததையும், அனுமதி உள்ள செயற்கைக்கோள் படத்தில் தெரிவதையும் மட்டுமே வரையலாம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மேப்பில் ஏறவே கூடாது.

காட்டுக்குள் போகும் பாதைகள் இன்னும் கவனமான விஷயம். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத் தீயில் 23 பேர் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மேப்பில் ஒரு கோடு இருப்பதாலேயே அந்தப் பாதையில் போகலாம் என்று அர்த்தமில்லை. தடை உள்ள பாதை என்றால் 'அனுமதி இல்லை' என்ற குறிப்பையும் சேர்த்தே போட வேண்டும். சந்தேகம் இருந்தால் வரையாமல் விடுவதே நல்லது.

இன்னொன்று: நாம் வரைவது பட்டாவுக்கோ எல்லைத் தகராறுக்கோ ஆதாரம் ஆகாது. அதற்கு அரசு நில அளவைப் படம்தான்.

கிராம சபைக்கு ஒரு மேப்

இந்தியாவில் மேப் வேலை என்றாலே நீண்ட காலம் அரசு வேலைதான். 1802-ல் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவைப் பணியிலிருந்து அப்படித்தான் நடந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய வழிகாட்டுதலை வெளியிட்ட பிறகு, சில பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தவிர, இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமலே மேப் தயாரிக்கலாம் என்றாகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. "எங்க தெருவுக்கு லைட் இல்லை" என்று சொல்வது ஒன்று. எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று புள்ளி வைத்து, ஒரு தாளில் அச்சடித்து மேஜையில் விரிப்பது வேறு. அந்தத் தாளைப் பார்த்த பிறகு "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்த முறை மலையிலிருந்து யானையோ வெள்ளமோ இறங்கி வரலாம். அப்போதும் முதல் கேள்வி "இப்ப எங்க இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லும் மேப்பில் நம் வாய்க்காலும் தோப்பும் நம் பெயரிலேயே இருக்க வேண்டுமா? வருகிற ஞாயிறு நாலு பேரைக் கூப்பிடுங்கள். லேப்டாப் ஒருவர் கொண்டுவந்தால் போதும்.